பார்க்காததை இல்லையென்று சொல்லாதவர்

அந்தப் படத்தில் விட்டுவிட்டுப் போட்டிருந்த கோடுகளை எல்லாம் எடுத்துவிடச் சொன்னவன் நான்தான். எங்கள் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் இருந்த வரைவாளர் என்னிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார்.

"சார், எங்க டிராயிங்ல இப்பிடி உட்டு உட்டு கோடு போட்டா, அங்க ஒரு விளிம்பு இருக்குது, முன்னாலேர்ந்து பாத்தா கண்ணுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். இதுலயும் போட்டுடட்டுமா?"

"வேணாம்பா. முழுக்கோடு மட்டும் போடு. பாக்கறதுக்கு சுத்தமா இருக்கணும்."

படம் சுத்தமாகத்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தால் ஒரு குரங்குக் கூட்டம் இல்லாமல் போனது. ஒரு பெண் பல வருடம் வெயிலில் உட்கார்ந்து செய்த வேலை வீணானது. அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதும் தகுதி எனக்கு இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓசூரில் பற்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பணியாளர் நலன் பார்க்கும் அதிகாரி. அவர் பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. ஆராய்ச்சிப் பட்டத்துக்காக, கல்லூரி இல்லாத நாளெல்லாம் அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் வந்து எங்கள் வாசலில் இறங்குவார். மெலிந்த உடம்பு, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, ஒட்டுப்போட்ட கறுப்புக் குடை. எங்கள் வளாகத்துப் புளியமரங்களில் ஒரு நாட்டுக் குரங்குக் கூட்டம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் வருவார். எந்தக் குரங்கு எதன் பக்கத்தில் உட்காருகிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது, சண்டை வந்தால் யார் யாருக்காகப் பாய்கிறது என்பதையெல்லாம் எழுதிக்கொள்வார். கடைசியில் அந்த உறவுகளை எல்லாம் ஒரே படமாக வரைய வேண்டும். குரங்குக்கு ஒரு புள்ளி, உறவுக்கு ஒரு கோடு.

தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் எங்கள் தொழிலாளர்களில் நிறைய உண்டு. இரண்டிலும் குரங்குக்குக் கோத்தி என்று பெயர். அதனால் வந்த முதல் வாரமே அவர் 'கோத்தி மேடம்' ஆகிவிட்டார். அவருக்கு அது தெரியும். "நல்லா இருக்குது சார், சுருக்கமா," என்றார்.

அவரிடம் எல்லோரும் கவனித்த பழக்கம் ஒன்று உண்டு. கண்ணால் பார்க்காத எதையும் அவர் 'இல்லை' என்று சொல்ல மாட்டார். 'பாக்கல' என்பார். அவ்வளவுதான். வாசல் காவலர், "ஏம்மா, பெங்களூர் பஸ் போயிட்டுதா?" என்று கேட்டால், "போனத நான் பாக்கல" என்பார். "அப்ப இன்னும் வரல?" என்றால், "வந்ததையும் பாக்கல. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன்" என்பார். காவலர் தலையில் அடித்துக்கொள்வார்.

கேன்டீனில் இது பெரிய வேடிக்கையாகப் பரவியது. "டேய், இன்னிக்கு சாம்பார்ல பருப்பு இருக்குதா?" என்று ஒருவன் கேட்பான். "நான் பாக்கலப்பா. ஆனா இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்று எதிரே இருப்பவன் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொல்வான். ஒருநாள் அவர் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது. எல்லோரும் பயந்து அவரைப் பார்த்தார்கள். அவர் எட்டி அந்தச் சாம்பார் வாளிக்குள் பார்த்துவிட்டு, "நானும் பாக்கலப்பா" என்றார். அன்று கேன்டீன் கூரை அதிர்ந்தது.

குரங்குகளுக்குத் தொழிலாளர்கள்தான் பெயர் வைத்தார்கள். பெரிய கடுவன் ஒன்று எந்நேரமும் உயரத்தில் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டிருக்கும், அதற்கு 'ஃபோர்மேன்'. கேன்டீன் ஜன்னலிலேயே கிடந்த ஒன்று 'ஓவர்டைம்'. மேல் உதடு இடது பக்கம் கிழிந்த ஒரு கிழட்டு மந்தி இருந்தது. அதற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. பகலில் அது அதிகம் தட்டுப்படாததால் இருக்கலாம். அவர் அதைக் 'கிழிஞ்ச ஒதடு' என்று குறித்துக்கொண்டார்.

நான் அவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டில் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. பகலில், பொது ஷிப்டு நேரத்தில் மட்டும்தான் உள்ளே இருக்கலாம். முன்பக்கத் தோட்டம், கேன்டீன், வாசலில் கால்வாய்மேல் இருந்த சின்னக் கல்வெர்ட் பாலம் தவிர வேறு எங்கும் போகக் கூடாது. பற்சக்கரங்களைச் சூடேற்றி இறுக்கும் உலைக்கூடம் பின்பக்கம் இருந்தது. அங்கே போகவே கூடாது.

ஒரு மார்கழிக் காலையில் அவர் என் அறைக்கு வந்தார். ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட காலை என்று சொல்ல வேண்டாம்.

"சார், விடியக்காலத்துல இதுங்க எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியல. இந்தக் குளிர்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு எங்கியோ உக்காந்திருக்கும். யாரு யார ஒட்டிக்கிறாங்கங்கறதுதான் எனக்கு முக்கியம். பின்னாடி பக்கம் சொல்ப, கொஞ்ச நேரம் விடுங்க சார். ஒரே ஒரு மாசம்."

"அங்க உலை இருக்கு மேடம். பாதுகாப்பு விதி."

"தள்ளி நின்னே பாத்துக்கறேன்."

"விதி விதிதான்."

பாதுகாப்பு விதி என்று நான் சொன்னது பாதி உண்மை. உலைக்கூடத்துக்குப் பின்னால் எங்கள் பதிவேட்டில் பெயர் இல்லாத ஆட்கள் வேலை செய்தார்கள். ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தக்காரர் லாரியில் கொண்டுவந்து இறக்குவார். கையுறை இல்லாமல் சூட்டோடு இரும்பு தூக்குவார்கள். விடியற்காலையில் அங்கேயே தொட்டியில் குளிப்பார்கள். வெளியாள் ஒருவர், அதுவும் கண்ணால் பார்த்ததை எல்லாம் எழுதிக்கொள்கிறவர், அங்கே வந்து உட்காருவதை நான் விரும்பவில்லை.

அவர் வாதாடவில்லை. "சரி சார். அப்ப அது எனக்குத் தெரியாத இடம்னு குறிச்சுடறேன்" என்று எழுந்துகொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில நாள் அதிகாலைச் சுற்றுக்கு நான் பின்பக்கம் போவதுண்டு. உலைக்கூடத்தின் வெளிச்சுவர் ராத்திரி முழுவதும் சூட்டில் கிடக்கும். அந்தச் சுவரை ஒட்டிய மேடையில் குரங்குகள் மொத்தமும் ஒரே கம்பளி மூட்டைபோலக் குவிந்து குளிர்காய்ந்துகொண்டிருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் தேடிய மறுபாதி அது. நான் நின்று பார்த்ததில்லை, யார் நடுவில் என்று கவனித்ததில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் மறுபடி அனுமதி கேட்பார்.

அவருடைய வேலை எனக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் கல்வெர்ட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார். குரங்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார். அவற்றின் முன்னால் சாப்பிடுவது மரியாதை இல்லையாம்.

"ஒரு கல்யாண மண்டபம் சார். நீங்க வெளிய நின்னு ஒரே ஒரு ஜன்னல் வழியா பாக்கறீங்க. யாரு யாரோட பேசறாங்கன்னு எழுதறீங்க. ஒரு பெரியம்மா யார்கிட்டயும் பேசவே இல்ல. நீங்க என்ன எழுதுவீங்க?"

"யாருக்கும் வேண்டாதவங்கன்னு."

"பந்தி பரிமாறுற எடத்துல அவங்கதான் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்புட்டு உக்கார வெச்சிருப்பாங்க. அந்த எடத்த உங்க ஜன்னல்லேர்ந்து பாக்க முடியாது." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "என் படத்துல கோடு இல்லாத புள்ளி மூணு இருக்குது சார். அதுங்களுக்கு யாருமில்லேன்னு அர்த்தமில்ல. என் ஜன்னல் சின்னது. அதனால அங்கெல்லாம் விட்டு விட்டுக் கோடு போட்டு வெச்சிருக்கேன்."

அந்த மூன்றில் ஒன்று கிழிந்த உதடு.

இந்தப் பழக்கத்தை எல்லோரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டது ஒரு விசாரணை வரைக்கும்தான். மேலாளருடைய காரின் கண்ணாடி கல்லடி பட்டு உடைந்தது. லேத் பிரிவில் வேலை செய்த பாகலூர்க்காரர் ஒருவர்மேல் குற்றச்சாட்டு. அவர் குரங்கை விரட்டக் கல்லை எடுத்தேன், ஆனால் எறியவில்லை என்றார். அந்த நேரத்தில் கல்வெர்ட்டில் இருந்தவர் கோத்தி மேடம் ஒருவர்தான். விசாரணை அதிகாரி நான்.

"அவர் கையில கல்லு இருந்தத பாத்தேன்," என்றார். "அப்புறம் குனிஞ்சு எழுதிட்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிந்து பாத்தப்ப கை காலியா இருந்துச்சு."

"அப்ப எறிஞ்சது அவருதான்?"

"அத நான் பாக்கல சார்."

தொழிற்சங்கத்துக்காரர் எழுந்தார். "எறியலன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. ரெண்டு புள்ளைங்க அவனுக்கு. ஒரே ஒரு வார்த்த."

"எறியாததையும் நான் பாக்கலங்க."

"இன்னாம்மா நீ! ஒண்ணு ஆமான்னு சொல்லணும், இல்ல இல்லேன்னு சொல்லணும். நடுவுல நின்னா நாங்க இன்னா பண்றது?"

 கையில் கல் இருந்ததைக் கண்ட சாட்சி உண்டு என்று எழுதி, குற்றம் நிரூபணமானது என்று நான் முடித்தேன். பாகலூர்க்காரருக்கு வேலை போயிற்று.

அறிவிப்புப் பலகையில் அதைப் படித்துவிட்டு அவர் என் அறைக்கு வந்தார். "நான் சொன்னதுல பாதியதான் எழுதியிருக்கீங்க."

"மீதியில ஒண்ணும் இல்லையே மேடம்."

"தெரியாதுன்னு சொன்னேன். அதுவும் சொன்னதுதானே சார்?"

அதன்பிறகு கேன்டீனில் அவருக்கு யாரும் டீ ஊற்றவில்லை. அவர் தட்டோடு வந்து நின்றால் வரிசை கலைந்துவிடும். ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். "நீங்க சத்தியம் பேசறீங்கம்மா. அங்க அவன் ஊட்ல அடுப்பு எரியல. போய்ப் பாத்தீங்களா?" அவர் போய்ப் பார்த்தார். அடுத்த வாரமே பாகலூருக்கு பஸ் ஏறிப் போனார் என்று காவலர் சொன்னார். அந்த வீட்டில் கதவைத் திறக்கவில்லையாம். சாயங்காலம் வரை எதிரே நின்றுவிட்டு வந்தாராம்.

சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரு பொய் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் மதிப்பும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. எரிச்சல்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. என் தொழிலே இடைவெளிகளை நிரப்புவது. தெரியாததைத் தெரிந்ததுபோல ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் என் நாள் முடியும்.

பிறகு அந்தக் கோடை. ஏற்றுமதி வாங்குகிறவர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருவதாக இருந்தது. குரங்குகள் கூரையில் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தன. எல்லாவற்றையும் பிடித்து அப்புறப்படுத்து என்றார் மேலாளர். நான் தடுத்தேன். இதை என் பக்கத்து நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததால் சொல்கிறேன். "மொத்தத்தையும் வேணாம் சார். ரெண்டு மூணு குறைச்சா போதும். எதை எடுத்தா கூட்டம் கலையாதுன்னு என்கிட்ட படமே இருக்கு" என்றேன்.

படம் இருந்தது. மேடம் கல்லூரித் தேர்வு வேலைக்காகச் சில வாரம் வர முடியாதென்று, நகல் எடுத்து வைக்கும்படி என்னிடம் கொடுத்துப் போயிருந்தார். அதைத்தான் வரைவாளரிடம் கொடுத்துச் சுத்தமாக்கச் சொன்னேன். சுத்தமான படத்தில் மூன்று புள்ளிகள் தனியாக நின்றன. எதனோடும் ஒட்டாத மூன்று. ஆட்குறைப்புச் செய்யும்போது எந்தப் பிரிவுக்கும் அவசியப்படாதவர்களை முதலில் எடுப்போம். அதே கண்ணோடுதான் அந்தப் படத்தையும் பார்த்தேன். அவரைக் கேட்க ஒரு தபால் போட்டிருக்கலாம். போடவில்லை.

குரங்கு பிடிக்கிறவர் ஆந்திரப் பக்கத்துக்காரர். கூண்டும் நிலக்கடலையுமாக வந்தார். நான் காட்டிய மூன்றையும் பிடித்துக் கொடுத்தார். கிழிந்த உதடு கூண்டுக்குள் சத்தமே போடவில்லை. சத்தம் போட்டதெல்லாம் வெளியே இருந்தவை. மரங்களிலிருந்து இறங்கி வேனைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தின.

"ஏம் சார், இது தனிக் கோத்தின்னு சொன்னீங்க. இத்தினி பேரு அழுவுறாங்க?" என்றார் அவர்.

"வண்டிய எடுப்பா," என்றேன். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், அஞ்செட்டி போகும் காட்டுச் சாலையில் அவற்றை விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்தக் கிழட்டு மந்திதான் அந்தக் கம்பளி மூட்டையின் நடுப்பகுதி. பிறகு ஒரு விடியற்காலையில் பின்பக்கம் போனபோது எனக்கே தெரிந்தது. அதே சூடான சுவர், அதே மேடை. நடுவில் உட்கார ஆள் இல்லை. குரங்குகள் இரண்டு கும்பலாக, மேடையின் இரண்டு முனையில், ஒன்றை ஒன்று பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. சில நாளில் சண்டை கூரைக்கு ஏறியது. தாயிடமிருந்து நழுவிய குட்டிகள் ஷெட்டுக்குள் விழுந்தன. ஃபோர்மேன் காது கிழிந்து ரத்தத்தோடு கேன்டீனுக்குள் பாய்ந்தது. சமையல்காரர் ஒருவர் கையில் கடி. அன்றைக்கே மேலாளர் என்னைக் கேட்காமல் உத்தரவு போட்டார். கூண்டுகள் லாரியில் வந்தன. ஒரு வாரத்தில் புளியமரங்கள் காலியாகிவிட்டன.

மேடம் திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே காத்திருந்தேன். மூன்றைப் பிடித்ததையும் கூட்டம் போனதையும் சொன்னேன். படத்தையும் காட்டினேன். அவர் கல்வெர்ட்டில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மூணும் விடியக்காலத்துல எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

எனக்கு அப்போது தெரியும். "தெரியாது," என்றேன்.

"எனக்கும் தெரியாது. அதுக்காகத்தானே கேட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "என்னாலதான் கூட்டம் உடைஞ்சுது மேடம்" என்றேன், அதையாவது ஒப்புக்கொள்ளட்டும் என்று. அவர் தலையை அசைத்தார். "முன்னாடியே விரிசல் இருந்திருக்கலாம். நான் பாக்கல." என்னைக் குற்றம் சாட்டக்கூட அவரிடம் போதுமான ஆதாரம் இல்லை. மரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு பஸ் ஏறினார். குடையைக் கல்வெர்ட்டிலேயே மறந்துவிட்டுப் போனார்.

தரவு போதாதென்று பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆராய்ச்சியை ஏற்கவில்லை. குற்றம் என்னுடையது, அனுமதி மறுத்தவனும் கூட்டத்தைப் பிரித்தவனும் நானே என்று அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். பேராசிரியர் மரியாதையாகக் காபி கொடுத்தார். "சரி, பார்க்காததைப் பார்த்ததாக எப்படிச் சேர்த்துக்கொள்வது?" என்று கேட்டார். அங்கிருந்து மேடத்தின் கல்லூரிக்குப் போனேன். அவர் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ரொம்பவும் இளைத்திருந்தார். பேராசிரியர் சொன்னதை அவரிடம் சொல்ல வந்தவன், அதைச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"மேடம், கிழிஞ்ச ஒதட்ட நான் பாத்தேன். அஞ்செட்டி ரோட்டுல, மலை வளைவுல. கூட நாலஞ்சு குட்டிங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

அவர் மறுபடி கேட்கவில்லை. 'பார்த்தேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதைச் சந்தேகிக்க அவருக்குத் தெரியாது. முகத்தில் ரத்தம் ஏறியது. "அப்ப அது வேற கூட்டத்துல சேந்திருக்குது! கிழவி, புது எடம், சேத்துக்கிட்டாங்கன்னா... சார், இது யாரும் எழுதாத விஷயம். இதுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம்." என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் வர ஆரம்பித்தார். பெங்களூரிலிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து அஞ்செட்டி பஸ். மலை வளைவில் தடுப்புச் சுவரில் உட்காருவார். பஸ்ஸில் போகிறவர்கள் கடலையும் வாழைப்பழத்தோலும் வீசுவார்கள், குரங்குகள் வரும், அவர் ஒவ்வொன்றின் உதட்டையும் பார்ப்பார். பல ஞாயிறு நானும் போனேன். எந்த இடத்தில் பார்த்தேன் என்று கேட்டபோது ஒரு மரத்தைக் காட்டினேன். அவர் அந்த மரத்துக்கு எதிரிலேயே இடம் பிடித்தார். அவருடைய தம்பி, "வேலை போயிடும் அக்கா, லீவு எல்லாம் தீத்துட்ட" என்று ஓசூர் வரைக்கும் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். கண்டக்டர்கள், "கோத்தி எறக்கம், யாராச்சும் எறங்கறீங்களா?" என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே இறங்குவார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு, சுவரில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "மேடம், நான் அதப் பாக்கல."

"இன்னிக்கா?"

"அன்னிக்கே. உங்ககிட்ட சொன்னது பொய். அதுக்கு முன்னாடி நான் இந்த ரோட்டுக்கே வந்ததில்ல."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு லாரி முனகிக்கொண்டே வளைவு ஏறி மறைந்தது. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"அப்ப நீங்க பாக்கல."

"ஆமா."

"இல்லேங்கறதும் உங்களுக்குத் தெரியாது."

"மேடம், அது கிழடு. தெரியாத காடு. இந்நேரம் அது..."

"பாத்தீங்களா?"

"இல்ல."

ஆள் மாறிப்போன குரலில் சொன்னார்: "பள்ளத்துப் பக்கம் எனக்கு இங்கேர்ந்து சரியா தெரியல. நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உக்காருங்க. நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்."

என்னைக் காறித் துப்பியிருக்கலாம். வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் சொன்ன பொய் அவரை அங்கே கொண்டுவந்தது. உண்மையைச் சொன்ன பிறகு அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டது அவர் வாழ்நாள் முழுவதும் காப்பாற்றிய அந்த ஒரே நியாயம். பார்க்கவில்லை என்பதால் இல்லையென்று ஆகிவிடாது. அதனால் அவரால் எழுந்து போக முடியவில்லை. முடித்துக்கொள்ள அவரிடம் ஒரு சொல் இல்லை. என்னிடம் இருந்தது, ஆனால் நான் சொன்னால் அவர் இனி நம்பமாட்டார்.

நான் எழுந்து சாலைக்கு மறுபுறம் போய் உட்கார்ந்தேன்.

மழை பிடிக்கும் வரைக்கும் ஞாயிறுகளில் அப்படியே உட்கார்ந்திருந்தோம், இடையில் சாலை.  கடைசி பஸ்ஸுக்கு எழும்போது, "உங்க பக்கம்?" என்று கேட்பார். "பாக்கல" என்பேன். அவர் எழுதிக்கொள்வார். அந்தச் சொல்லை நான் நேர்மையாகச் சொல்லக் கற்றது அங்கேதான். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

மழைக்குப் பிறகு ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கல்லூரியில் விசாரித்தேன். வேலையை விட்டுவிட்டார், தம்பியோடு வடக்கே எங்கோ போனார் என்றார்கள். ஊரைச் சொல்லத் தெரியவில்லை. தம்பியின் விலாசமும் கிடைக்கவில்லை. பாகலூர்க்காரருக்கு வேலை திரும்பக் கிடைக்க நான் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதைத் திருப்பி அனுப்பினார். உலைக்கூடத்துப் பின்பக்க ஆட்களைப் பதிவேட்டில் சேர்க்கச் சொன்னேன். ஒப்பந்தக்காரர் அவர்களையே மாற்றிவிட்டார். நான் செய்ய முயன்றவை இவ்வளவுதான்.

வேலையை விட்டு ஊர் மாறும்வரை நான் தனியாக அந்த வளைவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள், வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு பெரிய கூட்டம் சாலையைக் கடந்தது. நடுவில் ஒரு கிழட்டு மந்தி. குட்டிகள் இரண்டு அதன் வயிற்றோடு ஒட்டியிருந்தன. அது தடுப்புச் சுவரில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. நான் அடிமேல் அடி வைத்து, சுற்றிக்கொண்டு அதன் முன்னால் போய்ப் பார்த்தேன்.

உதடு முழுசாக இருந்தது.

அதைச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.